கிணறும் சம்பளமும்



சம்பளம் வாங்கின மறுநாளே கையில் ஒன்றுமில்லை என்ற பேச்சு நம் லயங்களில் எப்போதும் கேட்கிறது. "வாற காசு எங்கே போகுதுன்னே தெரியல" என்று சொல்லாத வீடு குறைவு. இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய ஊர்களைச் சுற்றிலும் கடல். நமக்கு இருப்பதுபோல அங்கே ஆறும் இல்லை, மலை ஊற்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் முக்கியம். அந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தே நின்றால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். அப்புறம் கிணற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் குடிக்க முடியாது.

அந்தக் காலத்தில் துலா போட்டுக் கையால் இறைத்தார்கள். கை ஓய்ந்தால் இறைப்பும் நிற்கும், கிணறு மறுபடி ஊறும். மிசின் வந்த பிறகு யாழ்ப்பாணப் பக்கம் அளவுக்கு மேல் இறைப்பது சுலபமாகி, பல கிணறுகள் உவர் ஆயின.

நம்ம சம்பளமும் இந்தக் கிணறு மாதிரித்தான். கடைக் கடனும் வட்டிக் காசும் மிசின் போல. மாசம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாசா மாசம் 1,000 ரூபாய் வட்டி. பத்து மாசத்தில் 10,000 கட்டியிருப்போம், ஆனால் முதல் அப்படியே நிற்கும். அதுதான் கிணற்றில் ஏறுகிற உப்பு.

தீவுக்காரரிடம் படிக்க இன்னொன்றும் உண்டு. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிழிந்து காயவைத்துப் பனாட்டு செய்வார்கள். கொட்டையைப் பாத்தி போட்டுப் புதைத்து, சில மாதம் கழித்துக் கிழங்கு எடுப்பார்கள். பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடலுக்குப் போக முடியாத நாளிலும் ஒடியல் மாவில் கூழ் காய்ச்சலாம். நெடுந்தீவில் கிடைக்கிற பவளக் கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். 1990இல் யுத்தத்தால் ஊரை விட்டுப் போய், பின்னர் திரும்பி வந்த குடும்பங்களுக்கும் கிணறும் பனையும்தான் துணை.

எளிமை என்றால் வயிற்றைக் கட்டுவது அல்ல. பிள்ளையின் பாலையும் முட்டையையும் குறைப்பது சிக்கனம் ஆகாது. உழைப்புக்கு ஏற்ற கூலி கேட்பதையும் விட்டுவிடக் கூடாது. மழை பெய்தால்தானே கிணறு ஊறும்! ஆனால் வந்த தண்ணீரைக் காப்பது நம் கையில்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள்:

1. சம்பள நாளில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, அரிசி, மா, பள்ளிச் செலவு, மருந்துக்கு முதலில் காசைப் பிரித்து வையுங்கள்.

2. கடைக் கொப்பியை வாரம் ஒருமுறை நீங்களே பார்த்துக் கூட்டுங்கள். வட்டிக் கடன் இருந்தால் சிறுகச் சிறுக முதலையும் அடையுங்கள்.

3. கொழுந்து நிறைய வரும் மாசத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் பேர் குறையும்போது அதுதான் உங்கள் ஒடியல்.

4. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகம் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். சம்பளச் சீட்டில் அதைப் பாருங்கள்.

5. திருவிழா, சடங்குக்கு ஊர் பார்க்கச் செலவு செய்யாமல் உங்கள் கை பார்த்துச் செய்யுங்கள்.

தேயிலையிலும் இதுதானே நமக்குத் தெரிந்த பாடம்? இளங்கொழுந்தை எடுக்கிறோம், முற்றின இலையைச் செடிக்கே விடுகிறோம். எல்லாவற்றையும் உருவினால் அடுத்த சுற்றுக்குக் கொழுந்து ஏது? சம்பளத்திலும் கொஞ்சம் இலையை விட்டு வைப்போம்.