அஸ்3 (இசைக்குழு)

அஸ்3 என்பது 1990களின் தொடக்கத்தில் இலண்டனில் உருவான ஓர் இசைக்குழு ஆகும். ஹிப் ஹாப் இசையையும் ஜாஸ் இசையையும் ஃபங்க் தாளத்துடன் இணைத்து இக்குழு பாடல்களை உருவாக்கியது. ஜெஃப் வில்கின்சன், மெல் சிம்ப்சன் ஆகிய இருவரும் இதன் நிறுவனர்கள். "கேண்டலூப்" என்னும் பாடல் இக்குழுவிற்கு உலகப் புகழ் தேடித்தந்தது.

பெயர்க்காரணம்

பியானோ கலைஞர் ஹொரேஸ் பார்லான் 1960 இல் புளூ நோட் நிறுவனத்திற்காகப் பதிவு செய்த "அஸ் திரீ" என்னும் இசைத்தொகுப்பில் இருந்து இப்பெயர் பெறப்பட்டது.

பின்னணி

பழைய இசைத்தட்டில் இருந்து ஒரு சிறு பகுதியை எண்முறையில் பதிந்து, அதனைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து புதிய பாடலுக்கு அடித்தளமாக்குவது "மாதிரி எடுத்தல்" எனப்படும். ஹிப் ஹாப் இசையின் முதன்மையான உத்திகளுள் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் பலர் உரிமையாளரிடம் அனுமதி பெறாமலேயே மாதிரிகளைப் பயன்படுத்தி வந்தனர். கில்பர்ட் ஓ'சலிவனின் பாடலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக ராப் கலைஞர் பிஸ் மார்க்கி தரப்பின் மீது தொடரப்பட்ட வழக்கில், 1991 டிசம்பரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறலே எனத் தீர்ப்பளித்தது. இதன்பின் ஒவ்வொரு மாதிரிக்கும் அனுமதியும் கட்டணமும் தேவை என்னும் நிலை உருவானது.

இச்சூழலில் வில்கின்சனும் சிம்ப்சனும் கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீனின் புளூ நோட் பதிவு ஒன்றில் இருந்து மாதிரி எடுத்து ஒரு பாடலை வெளியிட்டனர். இது புளூ நோட்டின் அப்போதைய உரிமையாளரான இ.எம்.ஐ. குழுமத்தின் கவனத்திற்கு வந்தது. சிக்கலில் முடிந்திருக்கக்கூடிய இந்நிகழ்வு உடன்பாடாக மாறியது. 1939 இல் தொடங்கப்பட்ட புளூ நோட்டின் பழைய பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை இருவருக்கும் வழங்கப்பட்டது.

கேண்டலூப்

இப்பாடல் ஹெர்பி ஹான்காக் 1964 இல் பதிவு செய்த "கேண்டலூப் ஐலண்ட்" என்னும் இசையை அடிப்படையாகக் கொண்டது. மூலப்படைப்பு 16 தாளச் சுற்றுகளில், மூன்று நாண்களை மட்டுமே கொண்டு, பியானோவில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு சொற்றொடர் மீது அமைந்துள்ளது. எனவே அதனை வெட்டிச் சுழலவிடுவது எளிதாயிற்று. பாடலின் தொடக்கத்தில் கேட்கும் அறிவிப்பு, 1954 இல் நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் அரங்கில் ஆர்ட் பிளேக்கி குழுவினரின் நிகழ்ச்சியைப் பதிவு செய்தபோது பீ வீ மார்க்கெட் வழங்கியதாகும்.

மாதிரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரித்தானிய ஜாஸ் கலைஞர்களையும் இக்குழு நேரடியாக வாசிக்கச் செய்தது. இப்பாடலில் ஜெரார்ட் பிரெசென்சர் டிரம்பெட் வாசிக்க, ரஹ்சான் கெல்லி ராப் பாடினார். 1994 இல் இப்பாடல் ஐக்கிய அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9 ஆம் இடத்தை எட்டியது. இது இடம்பெற்ற "ஹேண்ட் ஆன் த டார்ச்" (1993), அந்நாட்டில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் புளூ நோட் இசைத்தொகுப்பு ஆகும். பிளாட்டினம் என்பது பத்து இலட்சம் படிகளைக் குறிக்கும். புளூ நோட்டின் புகழ்பெற்ற ஜாஸ் மேதைகள் எவரும் அதுவரை இவ்வெல்லையை எட்டியிருக்கவில்லை.

பிற்காலம்

இரண்டாவது தொகுப்பான "பிராட்வே அண்டு 52" 1997 இல் வெளிவந்தது. பேர்ட்லேண்ட் அரங்கு அமைந்திருந்த தெருச்சந்திப்பை இத்தலைப்பு குறிக்கிறது. முதல் தொகுப்பின் வெற்றியை இது எட்டவில்லை. பின்னர் சிம்ப்சன் குழுவில் இருந்து விலகினார். வில்கின்சன் ஒவ்வொரு தொகுப்பிற்கும் வெவ்வேறு பாடகர்களையும் ராப் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர்ந்து நடத்தினார். அவ்வாறு வெளிவந்த தொகுப்புகள்:

* ஆன் ஆர்டினரி டே இன் ஆன் அன்யூசுவல் பிளேஸ் (2001)
* கொஸ்டியன்ஸ் (2004)
* ஸ்கிட்சோஃபோனிக் (2006)
* சே வாட்!? (2007)
* ஸ்டாப். திங்க். ரன். (2009)
* லை, சீட் அண்டு ஸ்டீல் (2011)
* த தேர்ட் வே (2013)

தாக்கம்

உரிமையாளரின் ஒப்புதலுடனேயே பழைய ஒலிக்களஞ்சியத்தில் இருந்து புதிய இசையைப் படைக்க இயலும் என்பதற்கு அஸ்3 முன்னோடியாக விளங்கியது. பின்னர் இதே களஞ்சியத்தைப் பயன்படுத்த ஹிப் ஹாப் இசையமைப்பாளர் மேட்லிப்பிற்கும் புளூ நோட் வாய்ப்பளித்தது. அவரது "ஷேட்ஸ் ஆஃப் புளூ" 2003 இல் வெளிவந்தது.