பாட்டியின் ஊதுகுழலும் அத்தையின் கணப்பு அடுப்பும்

என் பாட்டி தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவர் அல்லர். இருந்தும், 2011ஆம் ஆண்டில் அவரைப் பரிசோதித்த நுரையீரல் மருத்துவர் என் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பார்?” என்பதுதான். அப்பா சிரித்துவிட்டாராம். மருத்துவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தைக் காட்டி, “அப்படியென்றால் விறகடுப்பா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

ஆமாம், விறகடுப்புதான். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மர விறகில் சமைத்தவர் அவர். மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்தால் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது காயும்வரை காத்திருக்க யாருக்கு நேரமிருந்தது? விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போவதற்குள் உலை கொதிக்க வேண்டும். ஈர விறகு புகையும். பாட்டி ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவார். புகை சட்டென்று தீயாக மாறும். தாமானில் வீடு வாங்கி, எரிவாயு அடுப்புக்கு மாறிய பிறகும் அந்த ஊதுகுழலை அவர் வீசி எறியவில்லை. இருமலும் அவரை விட்டுப் போகவில்லை.

இயந்திரவியல் படிக்கும் நான் இதைப் பற்றியெல்லாம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. 2024 செப்டம்பரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்குச் சென்றேன். அங்கே என் பெரிய அத்தை வீட்டில் தங்கினேன். 1975இல் தாதிமைப் பயிற்சிக்காகக் கப்பலேறாமல் விமானமேறிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஓய்வு பெற்று, மாமாவும் மறைந்த பிறகு தனியாக இருக்கிறார். போன முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார்.

“தம்பி, நீ இன்ஜினியர்தானே? இந்த அடுப்ப வாங்கலாமா, வேணாமான்னு சொல்லு.”

அது சமையலடுப்பு அன்று. வரவேற்பறைச் சுவரோடு பொருத்தி, கண்ணாடிக் கதவுக்குள் விறகை எரித்து, வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கணப்பு அடுப்பு. 2022க்குப் பிறகு எரிவாயுக் கட்டணம் ஏறிய ஏற்றத்தில் பலருக்கு அதன் மேல் ஆசை வந்திருந்தது. அத்தைக்கோ கட்டணம் பாதிக் காரணம்தான்.

நம் ஊரில் அடுப்பு வாங்கக் கடைக்குப் போனால் போதும். அங்கே முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. ஒரு வட்டாரத்தைப் ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் உள்ளூர் மன்றங்களுக்கு வழங்கியது. பர்மிங்ஹாம் நகரம் முழுவதுமே அத்தகைய பகுதி. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பகுதியில் உங்கள் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் 300 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம்.

அப்படியானால் விறகே எரிக்கக் கூடாதா? எரிக்கலாம். திறந்த கணப்பில் கூடாது. அங்கே புகையில்லா எரிபொருள் என்று அங்கீகரிக்கப்பட்டவற்றை மட்டுமே எரிக்கலாம். விறகு எரிக்க வேண்டுமானால் சோதிக்கப்பட்டு விலக்களிக்கப்பட்ட அடுப்பு வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சின் சுருக்கப் பெயரைக் கொண்டு இதை ‘டெஃப்ரா விலக்கு’ என்கிறார்கள். இந்தப் பட்டியலில்தான் அத்தை முதலில் ஏமாறப் பார்த்தார். அவர் வைத்திருந்த விளம்பரத்தில் ‘இகோடிசைன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது வேறு, இது வேறு. இகோடிசைன் என்பது 2022 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புதிய அடுப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி. துகள், கார்பன் மோனாக்சைடு, வெப்பத் திறன் ஆகியவற்றுக்கு அது வரம்பு கட்டுகிறது. அதில் தேறிய அடுப்பு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான விலக்கையும் பெற்றிருக்கும் என்று பொருளில்லை. இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மாடலுக்கு, எந்த எரிபொருளுக்கு விலக்கு என்பதையும் பட்டியலில் பார்க்க வேண்டும்.

அடுத்த வீட்டுப் பெரியவர் தம் பழைய அடுப்பை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அந்த அடுப்பு பட்டியலில் இல்லை.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். புகை என்பது எரியாத விறகு. விறகு சூடேறும்போது முதலில் நீர் ஆவியாகிறது. பிறகு மரம் சிதைந்து வாயுக்களை வெளியிடுகிறது. நாம் பார்க்கும் தீ அந்த வாயுக்கள் எரிவதுதான். போதிய வெப்பமோ காற்றோ இல்லையென்றால் அவை எரியாமல் தாராகவும் கரியாகவும் குளிர்ந்து, நுண்துகள்களாக வெளியேறும். பி.எம். 2.5 என்று புகைமூட்டக் காலத்தில் நாம் செய்தியில் கேட்கும் துகள் இதுதான். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. நுரையீரலின் அடி வரை போய்விடும். (2015இல் நான் ஆறாம் ஆண்டில் இருந்தபோது புகைமூட்டத்தால் பள்ளியை மூடினார்கள். நாங்கள் கொண்டாடினோம். பாட்டி இருந்திருந்தால் கொண்டாடியிருக்க மாட்டார்.)

பாட்டி ஊதியபோது நடந்தது என்ன? புகையோடு காற்று கலந்தது, புகை எரிந்தது. நவீன அடுப்பும் அதைத்தான் செய்கிறது. அடியிலிருந்து வருவது முதல்நிலைக் காற்று. மேலிருந்தும் பின்சுவரின் சிறு துளைகள் வழியாகவும் நுழைவது இரண்டாம், மூன்றாம் நிலைக் காற்று. இந்தக் காற்று அடுப்பின் சூடான உடலைச் சுற்றி வருவதால் தானும் சூடாகிறது. அதனால் தீயைக் குளிரச் செய்யாமல் வாயுக்களை எரிக்கிறது. கண்ணாடியில் கரி படியாமல் காப்பதும் அதே காற்றோட்டம்தான். பாட்டியின் நெஞ்சு செய்த வேலையை இங்கே துளைகள் செய்கின்றன என்று அத்தையிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தேநீர் கலக்கப் போய்விட்டார்.

விலக்குப் பெற்ற அடுப்புகள் பலவற்றில் இன்னொரு சிறு மாற்றம் உண்டு. காற்றுக் கட்டுப்பாட்டுத் தண்டை முழுமையாக மூட முடியாதபடி ஒரு தடை வைத்திருப்பார்கள். இரவில் விறகை அடுக்கி, காற்றை அடைத்து, விடியும்வரை கனிய விடும் பழக்கம் அங்கே பலருக்கு உண்டு. புகை மிக அதிகமாக வருவது அப்போதுதான்.

இதே காரணத்தால்தான் பெரிய அடுப்பு ஆபத்து. கடைக்காரர் 8 கிலோவாட் அடுப்பைப் பரிந்துரைத்தார். நான் அளவு நாடாவை எடுத்தேன். அத்தையின் அறை நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.6, உயரம் 2.6. மூன்றையும் பெருக்கி 14ஆல் வகுப்பது அங்கே வழங்கும் தோராயக் கணக்கு. விடை 2.8 கிலோவாட். அதில் 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் அறை அவியும். உடனே காற்றைக் குறைப்பார்கள். தீ மங்கிப் புகை கிளம்பும். சிறிய அடுப்பு கொழுந்துவிட்டு எரிவது, பெரிய அடுப்பு மந்தமாக எரிவதைவிட எவ்வளவோ மேல். 5 கிலோவாட்டுக்கு உட்பட்டிருந்தால் அந்தப் பழைய வீட்டில் தனிக் காற்றுத் துவாரம் போட வேண்டிய செலவும் இல்லை. கடைக்காரருக்கு என் கணக்கு பிடிக்கவில்லை.

விறகு மட்டுமா, பல எரிபொருளா என்பது அடுத்த கேள்வி. விறகு சாம்பல் படுக்கையின் மேல், மேற்காற்றில் நன்றாக எரியும். ஆகவே விறகடுப்பின் தரை தட்டையானது. புகையில்லாக் கட்டிகளுக்கு அடிக்காற்று தேவை. அதனால் பல்எரிபொருள் அடுப்பில் கம்பித் தட்டும், கீழே சாம்பல் தட்டும் இருக்கும். இரண்டையும் எரிக்கலாம் என்பது கேட்பதற்கு இலாபமாகத் தோன்றும். ஆனால் ஒரே நேரத்தில் கலந்து எரிக்கக் கூடாது. கட்டியின் கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகி, புகைக்குழாயின் உட்புறத்தை அரித்துவிடும். நாள் முழுவதும் கணப்பை நம்பியிருக்கும் வீட்டுக்குப் பல்எரிபொருள் அடுப்பு பொருந்தும். அத்தைக்கு எரிவாயுச் சூடேற்றி நன்றாகவே வேலை செய்கிறது. விறகடுப்பே போதும் என்றேன். சாதாரண வீட்டு நிலக்கரியை எண்ணிப் பல்எரிபொருள் அடுப்பு வாங்குவோருக்கு ஒரு செய்தி: இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பது 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டது.

இத்தனையும் செய்துவிட்டு ஈர விறகைப் போட்டால் எல்லாம் பாழ். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகி, தீ குளிர்ந்து, புகை பெருகும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ‘ரெடி டு பர்ன்’ முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். வெறுமனே ‘பதப்படுத்தியது’ என்று சொல்லி விற்பதை நம்ப முடியாது. சிறு ஈரமானி ஒன்று வாங்கினோம். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பது வீண். பிளந்து, புதிதாகத் தெரியும் உட்புறத்தில் குத்த வேண்டும். சாயம் பூசிய பலகை, பழைய தளவாடம் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

இவ்வளவும் ஆராய்ந்த பிறகு, என் தீர்ப்பு ‘வேண்டாம்’ என்பதாகவே இருந்தது. காரணங்கள் இரண்டு. விலக்குப் பெற்ற அடுப்பு புகை குறைந்த அடுப்பே தவிர, புகையற்ற அடுப்பு அன்று. எரிவாயுச் சூடேற்றியோடு ஒப்பிட்டால் அது வெளியிடும் துகள் மிக அதிகம். இன்னொன்று, ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு. டெஃப்ரா விலக்குப் பெற்ற அடுப்புள்ள 19 வீடுகளில் அளந்து பார்த்தபோது, விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள்ளேயே துகள் அளவு குபீரென ஏறியிருக்கிறது. சுவருக்கு அப்பால் மூச்சிரைப்பு நோயுள்ள ஏழு வயதுச் சிறுவன் இருக்கிறான். பள்ளிப் பையில் நீல நிற இன்ஹேலர் தொங்கும்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டார். நெஞ்சு நோய்ப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“எனக்குத் தெரியாததாடா தம்பி? ஒங்க பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு நீ சொல்லித்தான் தெரியணுமா? ஆனா அம்மா அடுப்பு முன்னால ஒக்காந்தாத்தான் பேசுவாங்க. மத்த நேரம் வேலதான். நான் கேட்ட கதையெல்லாம் அங்கதான் கேட்டேன். இந்த ஊருக்கு வந்து அம்பது வருஷம் ஆகப்போவுது, ரேடியேட்டர் முன்னால ஒக்காந்து யாரும் கத சொல்லி நான் பார்த்ததில்ல.”

இதற்குப் பொறியியலில் பதில் இல்லை. பேரம்தான் பேசினோம். 4 கிலோவாட், விறகு மட்டும், இரண்டு சான்றும் உள்ள அடுப்பு. ஹீட்டாஸ் பதிவு பெற்றவர் வந்து பொருத்தினார். புகைபோக்கிக்குள் புதுக் குழாயும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வைத்தார். சனிக்கிழமை மாலை மட்டும் எரிப்பது. எரிக்குமுன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுவது. அவன் இருமும் வாரத்தில் எரிப்பதில்லை.

டிசம்பரில் முதல் தீ. பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளிகளை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்ற வைத்தோம். கீழிருந்து எழும் வாயு மேலே உள்ள தீயைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் தலைகீழ் என்று சிரிப்பார்கள். காற்றை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, நான் மட்டும் வெளியே ஓடித் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். முதலில் வெள்ளையாக ஒரு கீற்று. எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழெட்டு நிமிடத்தில் அது மெலிந்தது. பிறகு புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் கானல்போல நெளிந்தது.

பக்கத்து வீட்டு மாடிச் சன்னல் சாத்தியிருந்தது. அதன் பின்னால் நின்று அந்தச் சிறுவனும் எதையோ அண்ணாந்து பார்க்க முயன்றுகொண்டிருந்தான். அத்தை வாசலுக்கு வந்து, “பார்த்தது போதும், குளிர்ல நிக்காத, உள்ள வா” என்றார்.