ராய் கேம்பனெல்லா

ராய் கேம்பனெல்லா (நவம்பர் 19, 1921 – ஜூன் 26, 1993) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர் ஆவார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக 1948 முதல் 1957 வரை கேட்சராக ஆடினார். நேஷனல் லீக்கின் மிகுமதிப்பு ஆட்டக்காரர் விருதை 1951, 1953, 1955 ஆகிய ஆண்டுகளில் மும்முறை பெற்றார். 1958 ஆம் ஆண்டில் நிகழ்ந்த வாகன விபத்தொன்று இவரது ஆட்ட வாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்தது. மேஜர் லீக்கில் இவர் ஆடியது பத்து ஆண்டுகள் மட்டுமே. அதற்கு முன் ஏறத்தாழ அதே அளவு காலத்தை, நிறத்தின் காரணமாக அந்த லீக்குக்கு வெளியே கழிக்க நேர்ந்தது.

கேட்சரின் பணி

பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து குந்தியமர்ந்திருப்பவரே கேட்சர். கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரை இவருக்கு ஒப்பிடலாம். ஆனால் அந்த ஒப்புமை பாதித்தூரமே செல்லும். விக்கெட் காப்பாளர் எந்தப் பந்தை வீச வேண்டும் எனப் பந்துவீச்சாளருக்குக் கட்டளையிடுவதில்லை. கேட்சரோ ஒவ்வொரு எறிக்கு முன்னும் எந்த வகைப் பந்து, எந்தப் பக்கம் என்று எறிவாளருக்குச் சைகை காட்டுகிறார். கேம்பனெல்லாவின் காலத்தில் இது தொடைகளுக்கிடையே விரல்களால் மட்டுமே காட்டப்பட்டது. மேஜர் லீக்கில் 2022 முதல் மின்கருவியும் பயன்படுகிறது.

எதிரணி ஓட்டக்காரர் ஒருவர் இரண்டாம் தளத்தைத் 'திருட' ஓடினால், கேட்சர் எழுந்து ஏறத்தாழ 39 மீட்டர் தொலைவுக்குப் பந்தை எறிந்து அவரைத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு மட்டையாளரின் பலத்தையும் பலவீனத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வேகப்பந்துகளால் விரல்கள் முறிவதும் முழங்கால்கள் தேய்வதும் இத்தொழிலில் வழக்கமானவை. கற்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது. உடலோ அத்தனை ஆண்டுகள் தாங்குவதில்லை.

சைகை பற்றிய செய்தி கேம்பனெல்லாவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. 1884 இல் டொலிடோ அணியின் கேட்சராக மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் ஆடினார். அவ்வணியின் எறிவாளர் டோனி மலேன், வாக்கரின் சைகைகளைப் பாராமல் தம் விருப்பப்படி எறிந்ததாகப் பின்னாளில் தாமே கூறியுள்ளார். அதற்குப் பின் எழுதப்படாத தடை ஒன்றினால் கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆட இயலாமல் போனது. 1947 இல் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணியில் சேரும் வரை இந்நிலை நீடித்தது. ராபின்சன் அவ்வாண்டு முதல் தளக் காவலராக ஆடினார். வெள்ளையின எறிவாளர்களுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் ஆட்டம் முழுவதும் வழிகாட்டுவது அடுத்த கட்டம். அது கேம்பனெல்லாவின் பொறுப்பாயிற்று.

இளமையும் பயிற்சியும்

கேம்பனெல்லா பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தை ஜான் இத்தாலிய வழியினர். காய்கறி வணிகம் செய்தவர். தாய் ஐடா கறுப்பினத்தவர். 1937 இல், பதினைந்து வயதிலேயே, வாஷிங்டன் எலீட் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். அக்காலத்தில் 'நீக்ரோ லீக்' என்று அழைக்கப்பட்ட, கறுப்பினத்தவருக்கான தனி லீக்கைச் சேர்ந்த அணி அது. மறு ஆண்டு இவ்வணி பால்டிமோர் நகருக்கு இடம்பெயர்ந்தது. பதினாறாம் வயதில் கேம்பனெல்லா பள்ளிப்படிப்பைக் கைவிட்டார்.

இவருக்கு வாய்த்த ஆசான் பிஸ் மேக்கி. அக்காலக் கறுப்பினக் கேட்சர்களுள் முதல் வரிசையில் வைக்கப்படுபவர். பந்தைப் பிடித்த கணமே எறிவதற்கான காலசைவு, எறிவாளரின் மனநிலை அறிந்து நடத்துதல் ஆகியவற்றை அவரிடமிருந்து கற்றார். மேக்கி தம் வாழ்நாளில் மேஜர் லீக்கில் ஆடியதே இல்லை. புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2006 இல்தான்.

நீக்ரோ லீக் வாழ்க்கை கடினமானது. பேருந்தே படுக்கை, உணவகங்கள் பலவற்றில் இடமில்லை, ஓய்வு நாட்கள் குறைவு. ஒரே நாளில் நான்கு ஆட்டங்களில் கேட்சராக இருந்ததாகக் கேம்பனெல்லா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். குளிர்காலங்களில் புவேர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் ஆடினார். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் மெக்சிக்கோவின் மான்டெரே அணிக்காகவும் ஆடி, மீண்டும் பால்டிமோர் திரும்பினார்.

படியிறங்கி ஏறுதல்

1945 அக்டோபரில் டாட்ஜர்ஸ் அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இவரை அழைத்துப் பேசினார். புதிதாகத் தொடங்கவிருந்த கறுப்பின அணி ஒன்றுக்கே தம்மை அழைப்பதாக எண்ணிய கேம்பனெல்லா மறுத்துவிட்டார். சில நாட்களில் நியூயார்க் விடுதி ஒன்றில் ஜாக்கி ராபின்சனுடன் சீட்டாடிக் கொண்டிருந்தபோதுதான், ரிக்கியின் திட்டம் வேறு என்பது தெரியவந்தது. 1946 இல் டாட்ஜர்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்.

ஏற்கனவே ஒன்பது ஆண்டு அனுபவம் பெற்ற இவர், சிறு லீக்குகளின் கீழ்ப்படிகளில் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இல்லினாய் மாநிலத்தின் டான்வில் நகரில் ஆடும் அணிக்கு அனுப்ப முயன்றபோது, அந்த லீக் கறுப்பினத்தவரை ஏற்க மறுத்தது. இறுதியில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா அணி இவரையும் எறிவாளர் டான் நியூகோம்பையும் ஏற்றுக்கொண்டது. அவ்வூர்க் கோழிப்பண்ணை உரிமையாளர் ஒருவர், எல்லைக்கு அப்பால் பந்தை அடிக்கும் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் நூறு கோழிக்குஞ்சுகள் பரிசளிப்பதாக அறிவித்திருந்தார். கேம்பனெல்லா 1,400 குஞ்சுகளைப் பெற்றுத் தந்தைக்கு அனுப்பி வைத்தார்.

அதே பருவத்தில் ஓர் ஆட்டத்தில் நாஷுவா மேலாளர் வால்டர் ஆல்ஸ்டனை நடுவர் வெளியேற்றினார். ஆல்ஸ்டன் தம் பொறுப்பைக் கேம்பனெல்லாவிடம் ஒப்படைத்துச் சென்றார். பின்தங்கியிருந்த அணியின் சார்பில் நியூகோம்பை மாற்று மட்டையாளராக இவர் இறக்க, அவர் ஹோம் ரன் அடித்தார்; நாஷுவா வென்றது. அமைப்புசார் பேஸ்பாலில் வெள்ளையின ஆட்டக்காரர்களைக் கறுப்பினத்தவர் ஒருவர் மேலாளராக வழிநடத்திய முதல் நிகழ்வாக இது குறிப்பிடப்படுகிறது. இதே ஆல்ஸ்டன் 1954 முதல் டாட்ஜர்ஸ் அணிக்கே மேலாளர் ஆனார்.

1947 இல் மான்ட்ரியால் அணியில் ஆடிய கேம்பனெல்லா, 1948 ஏப்ரலில் புரூக்ளினில் அறிமுகமானார். எனினும் சில வாரங்களில் செயின்ட் பால் அணிக்கு அனுப்பப்பட்டார். ஆட்டத்திறன் குறைவு அதற்குக் காரணமன்று. அந்த லீக்கிலும் நிறத்தடையை உடைக்க வேண்டும் என்பது ரிக்கியின் விருப்பம். தாம் ஆட வந்தவரேயன்றி முன்னோடியாக வரவில்லை என்று கேம்பனெல்லா மனக்குறையுடன் ஒப்புக்கொண்டார். அங்கே 35 ஆட்டங்களில் 13 ஹோம் ரன்கள் அடித்ததும், ஜூலை மாதம் புரூக்ளினுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அதுவரை கேட்சராக இருந்த கில் ஹாட்ஜஸ் முதல் தளத்திற்கு மாறினார்.

புரூக்ளினில்

1949 முதல் 1956 வரை ஒவ்வோர் ஆண்டும் நட்சத்திர அணிக்குத் தேர்வானார். 1953 இல் 41 ஹோம் ரன்களும் 142 ஓட்ட ஈட்டங்களும் பெற்றார். இவருக்கு எதிராகத் தளம் திருட முயன்றவர்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் ஆட்டமிழந்தனர். கேட்சர்களின் வாழ்நாள் அளவுகளில் இதற்கு மேற்பட்ட எண்ணைக் காண்பது அரிது. கார்ல் எர்ஸ்கைன், பிரீச்சர் ரோ உள்ளிட்ட வெள்ளையின எறிவாளர்கள் இவரது சைகைகளை நம்பி எறிந்தனர். எதிரணி எவராலும் தளம் அடையும் அடி அடிக்க இயலாத ஆட்டங்களை எர்ஸ்கைன் இருமுறை நிகழ்த்தியபோது மட்டையாளருக்குப் பின்னால் இருந்தவர் கேம்பனெல்லாவே.

டாட்ஜர்ஸ் 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் உலகத் தொடரை இழந்தது. 1954 இல் கேம்பனெல்லாவின் இடக்கை எலும்பு சிதைந்து நரம்பு பாதிக்கப்பட்டது; அறுவை மருத்துவத்திற்குப் பின்னும் விரல்கள் மரத்திருந்தன. அவ்வாண்டின் மட்டைச் சராசரி 0.207. பலர் இவர் முடிந்துவிட்டார் எனக் கருதினர். 1955 இல் 0.318 சராசரியுடன் மூன்றாம் விருதைப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று, ஜானி பாட்ரஸ் எறிய இவர் கேட்சராக இருந்த ஏழாம் ஆட்டத்தில் வென்று, புரூக்ளின் தன் ஒரே உலகத் தொடரைக் கைப்பற்றியது. 1951, 1955 ஆகிய ஆண்டுகளில் மற்றொரு லீக்கின் விருதைப் பெற்றவர் யாங்கீஸ் கேட்சர் யோகி பெர்ரா என்பது குறிப்பிடத்தக்கது.

விபத்தும் பிற்காலமும்

1957 இல் இவரது சராசரி மீண்டும் குறைந்தது. அப்பருவத்திற்குப் பின் அணி லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள கொலோசியம் அரங்கில் இடப்புற எல்லை ஏறத்தாழ 77 மீட்டர் தொலைவு மட்டுமே. வலக்கை மட்டையாளரான இவருக்கு ஏற்ற அரங்கம். அதில் இவர் ஆடவே இல்லை. 1958 ஜனவரி 28 அதிகாலையில், ஹார்லமிலிருந்த தம் மதுக்கடையிலிருந்து வீடு திரும்பும் வழியில், பனி உறைந்த வளைவொன்றில் வாகனம் சறுக்கித் தொலைபேசிக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. கழுத்தெலும்பு முறிந்து முதுகுத் தண்டுவடம் சிதைந்தது. கைகளில் ஓரளவு அசைவு திரும்பியது. நடக்கும் ஆற்றல் திரும்பவில்லை.

1959 மே 7 அன்று கொலோசியத்தில் இவருக்காக டாட்ஜர்ஸ், யாங்கீஸ் அணிகள் காட்சி ஆட்டம் ஆடின. 93,103 பேர் திரண்டனர். முன்னாள் அணித்தலைவர் பீ வீ ரீஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிவர, விளக்குகள் அணைக்கப்பட்டு, பார்வையாளர்கள் தீக்குச்சிகளை ஏற்றினர்.

கேம்பனெல்லா தொழிலை விட்டு விலகவில்லை. வேரோ பீச்சில் அக்காலத்தில் நடந்த டாட்ஜர்ஸ் வசந்தகாலப் பயிற்சிகளில் இளம் கேட்சர்களுக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடம் நடத்தினார். மேக்கியிடம் கற்றது இவ்வழியே அடுத்த தலைமுறையினரைச் சென்றடைந்தது. 1969 இல் புகழ்மண்டபத்திற்குத் தேர்வானார். 1972 இல் இவரது 39 ஆம் எண் ஓய்வளிக்கப்பட்டது. 1978 இல் கலிபோர்னியாவில் குடியேறி அணியின் சமூகத் தொடர்புப் பணியில் சேர்ந்தார். 1993 இல் மாரடைப்பால் காலமானார்.

புரூக்ளினில் இவர் ஆடியவை 1,215 ஆட்டங்கள்; அடித்த ஹோம் ரன்கள் 242. நீண்டகாலம் இவ்வெண்கள் மட்டுமே இவரது மேஜர் லீக் கணக்காக இருந்தன. 1920–1948 காலத்து நீக்ரோ லீக்குகளை 2020 டிசம்பரில் மேஜர் லீக் தரத்தினவாக நிர்வாகம் ஏற்று, 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களையும் தன் ஏட்டில் சேர்த்தது. ஆகவே பதினைந்து வயதுச் சிறுவனாக வாஷிங்டன் எலீட் ஜயன்ட்ஸ் அணியில் இவர் தொடங்கிய 1937 ஆம் ஆண்டும் இப்போது அக்கணக்கில் அடங்கும்.