சட்டம் தாங்கும், பிரேக் கட்டை தாங்குமா?

சைக்கிளின் பின் ஆக்சிலில் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, இரண்டு சிறு சக்கரங்களின் மேல் தாழ்வாக ஓடிவரும் துணிக்கூண்டு வண்டிக்குக் குழந்தை டிரெய்லர் என்று பெயர். மேலை நாடுகளில் இது பழகிப்போன பொருளாகிவிட்டது; ஜெர்மனியின் சாலை விதி, ஓட்டுபவர் 16 வயதை எட்டியிருந்தால், 7 வயது நிறையாத குழந்தைகள் இருவரை இதில் அமர்த்திச் செல்ல அனுமதிக்கிறது. பிள்ளையை முன்பாரில் பொருத்திய குட்டி இருக்கையிலோ பின் கேரியரிலோ ஏற்றியே பழகிய நம் ஊர்களுக்கு இது புதிது என்பதால், வீட்டில் நிற்கும் பழைய சைக்கிளே இதற்குப் போதுமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அதற்கான விடை சைக்கிளின் வயதைவிட, அது ஓடப்போகும் சாலையின் சரிவைப் பொறுத்தே அமைகிறது.

பழைய சைக்கிள் என்று இங்குக் குறிப்பிடப்படுவது, 1949இல் தொடங்கப்பட்ட சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலஸ், 1951இல் சோனிப்பட்டில் தோன்றிய அட்லஸ், 1956இல் லூதியானாவில் தோன்றிய ஹீரோ ஆகிய நிறுவனங்கள் ஊரெங்கும் பரப்பிய, 28 அங்குலச் சக்கரமும் ராட் பிரேக்கும் கொண்ட கறுப்பு வண்டியாகும். நெல் மூட்டையும் பால் கேனும் சுமந்து பழகிய அதன் எஃகுச் சட்டம், டிரெய்லரின் இழுப்பை எளிதில் தாங்கும். குழாய்கள் கூடும் இடங்களில் விரிசலோ உள்துருவோ இல்லாதவரை, இன்றைய இலேசான சைக்கிள்கள் சிலவற்றைவிட இதுவே நம்பத்தக்கது என்றுகூடச் சொல்லலாம். சிறு சிக்கல் ஆக்சிலில்தான் இருக்கிறது. கேரியர் கால், மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு ஆகிய எல்லாமே பின் ஆக்சிலின் நட்டுக்குள் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருப்பதால், டிரெய்லரின் கொக்கித் தகட்டையும் அங்கே நுழைத்தால் நட்டு பிடிக்கப் போதிய மரை எஞ்சாது. நீளமான ஆக்சில் மாற்றினால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

மாற்றித் தீர்க்க முடியாத குறைகள் மலையில்தான் தெரியவருகின்றன. இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அருகே, பள்ளிவாசலை ஒட்டியுள்ள சித்திரபுரத்தை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியதற்குக் காரணமே, முதிரப்புழை நீரை உயரத்திலிருந்து விழச்செய்ய அங்கே வாய்த்த செங்குத்தான சரிவுதான். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஒரு மலைச்சாலையில், ஓட்டுபவர், சைக்கிள், டிரெய்லர், குழந்தைகள் எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்று கொண்டால், சரிவு பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமம். முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் ஃப்ரீவீலில் 18 பற்களும் உடைய, கியர் மாற்ற வழியில்லாத பழைய சைக்கிளில், இந்த விசை பெடலுக்கு வரும்போது ஐந்து மடங்காகப் பெருகுகிறது. அதாவது ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 50 கிலோ அழுத்தம் வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் தரும் அழுத்தம் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படாது என்பதால், நடுவில் தேவைப்படும் அழுத்தம் ஓட்டுபவரின் உடல் எடையையே தாண்டிவிடும். இறங்கித் தள்ளுவது ஒன்றே வழி. அதில் களைப்பு உண்டே தவிர ஆபத்து இல்லை.

ஆபத்து இறக்கத்தில் காத்திருக்கிறது. மேலிருந்து விழும் நீர் தன் ஆற்றலை டர்பைனிடம் ஒப்படைப்பதுபோல், மேலிருந்து இறங்கும் வண்டி அதைப் பிரேக் கட்டையிடம் ஒப்படைக்கிறது. மேற்சொன்ன 120 கிலோ அதே சரிவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், அந்த வேகம் கூடாமல் பிடித்திருக்க மட்டுமே சுமார் 350 வாட் வெப்பத்தைப் பிரேக்குகள் இடைவிடாது வெளியேற்ற வேண்டும்; சாதாரண மின் இஸ்திரிப்பெட்டி எடுத்துக்கொள்ளும் ஆற்றலில் இது கிட்டத்தட்டப் பாதி. ராட் பிரேக் என்பது கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகள் இழுத்து, சிறிய ரப்பர் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும் அமைப்பாகும். குரோமியம் பூசிய வழவழப்பான அந்த எஃகு ரிம் நனைந்துவிட்டால், நீர்ப்படலத்தின் மேல் ரப்பர் வழுக்கி, வண்டி நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். தென்மேற்குப் பருவமழை கொட்டித்தீர்க்கும் மூணாறு மலைகளில் நனையாத ரிம்மை எதிர்பார்ப்பது எங்ஙனம்? பக்கவாட்டில் பிடிக்கும் புதுவகைப் பிரேக்கைப் பொருத்தலாமென்றால், வெஸ்ட்வுட் எனப்படும் இந்த ரிம்மின் பக்கங்கள் வளைந்திருப்பதால் கட்டை பதியத் தட்டையான இடமே இல்லை. ரிம், கம்பிகள், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிய பின் எஞ்சுவது பழைய சட்டம் மட்டுமே.

தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர், சைக்கிள் வேகம் குறையும்போதெல்லாம் பின்னாலிருந்து தள்ளுகிறது. நேர்ச்சாலையில் பெரிதும் உணரப்படாத இந்தத் தள்ளல், கொண்டையூசி வளைவில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் விலக்கிவிடும். அது மட்டுமன்றி, தாழ்ந்த அந்தக் கூண்டு, மூடுபனியில் எதிரே வரும் ஜீப் ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் படாது. கொடிக்கம்பு கட்டினாலும் பனி அதையும் மறைக்கும்.

இதே சைக்கிளைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனால் கணக்கு மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்ட அந்தக் கணவாயில், தமிழ் புழங்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்வழிச் சமவெளிச் சாலைகளில், பிரேக் கட்டைகள் புதியனவாகவும் சக்கரம் கோட்டம் எடுக்கப்பட்டதாகவும் இருந்தால், மழையில்லா நேரத்தில், தலைக்கவசம் அணிந்த ஒரு குழந்தையோடு மெதுவாகச் செல்லப் பழைய ஹெர்குலஸ் தாராளமாகப் போதும். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தையை எந்தச் சாலையிலும் டிரெய்லரில் அமர்த்தலாகாது. சித்திரபுரத்துச் சாலையில் எந்த வயதுக் குழந்தையையும் ராட் பிரேக் சைக்கிளின் பின்னால் கட்டலாகாது.