வாடும் கொடிக்கு நீர் வார்க்கும் முன்

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது என்றால், வீட்டுக்குள் புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்கியவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். மணி பிளாண்ட் என்ற பெயரில் நம்முடைய கூடங்களிலும் அலுவலக மேஜைகளிலும் இடம்பெற்றுவிட்ட அந்தக் கொடியின் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டதும், தாகத்தினால்தான் இப்படிச் சோர்ந்து கிடக்கிறது என்று இரக்கப்பட்டு ஒரு செம்பு நீரை வார்க்கிறார்கள். மறுநாள் மேலும் இரண்டு இலைகள் பழுத்துவிட்டால், வார்த்தது போதவில்லை என்று எண்ணி மீண்டும் வார்க்கிறார்கள். இந்த இரக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. செடி வாடுவதைக் கண்டு மனம் பதறுகிறவர்கள்தாம் நல்ல தோட்டக்காரர்களாக ஆகக்கூடியவர்கள். ஆனால் அந்த இரக்கம் இலையோடு நின்றுவிடாமல், மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர்வரை செல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஏனென்றால், வீட்டுக்குள் வளரும் வெப்பமண்டலச் செடிகளின் வியாதிகளில் பல, நீர்க்குறைவால் அன்றி நீர் மிகுதியாலேயே வேரில் தொடங்குகின்றன.

வேரும் சுவாசிக்கிறது. தொட்டி மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கியிருக்கும் காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்று, அதனால் கிடைக்கும் சக்தியைக் கொண்டே வேர் தன் காரியங்களைச் செய்கிறது. அந்த இடைவெளிகள் யாவும் ஓயாமல் நீரால் நிரம்பியிருக்குமாயின், காற்றில் பரவும் வேகத்தைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே நீரில் பரவக்கூடிய பிராணவாயு, வேரின் தேவைக்குப் போதிய அளவு வந்து சேர்வதில்லை. இவ்வாறு க்ஷீணித்த வேரில், ஈர மண்ணில் வாழும் பித்தியம் முதலிய நுண்ணுயிர்கள் புகுந்து அதை அழுகச் செய்கின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தொட்டி நிறைய நீர் நிற்க, இலையோ மெய்யாகவே தாகத்தால் துவளுகிறது. வறட்சியும் வெள்ளமும் இலையில் ஒரே அடையாளத்தைக் காட்டுவதுதான் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது.

மழை மிகுந்த காட்டில் பிறந்த கொடி நீரால் மடிவானேன் என்று கேட்பது நியாயமே. தென் பசிபிக் சமுத்திரத்தில் தாஹித்தித் தீவுக்கு அருகே உள்ள மோரேயா என்னும் சிறு தீவுதான் இதன் பிறப்பிடம். தரையில் படர்ந்து சென்று, ஒரு மரத்தைச் சந்தித்ததும் காற்று வேர்களால் பட்டையைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் உயரம்வரை ஏறக்கூடிய இக்கொடி, மேலே செல்லச் செல்ல இலையையும் பெருக்கி, முழு வளர்ச்சியில் ஒரு மீட்டர் நீளம்வரை எட்டும், ஓரங்களில் ஆழக் கீறுண்ட இலைகளைத் தாங்கி நிற்கிறது. நாம் தொட்டியில் காணும் உள்ளங்கையளவு இலை அதன் பால பருவத்து இலையேயாகும். அத்தகைய காட்டில் எவ்வளவு மழை பெய்தாலும், சருகும் மக்கிய மரத்தூளும் கலந்த பொலபொலப்பான தரையில் நீர் தங்காமல் இறங்கிவிடுகிறது. நீர் இறங்கிய வழியே காற்றும் உட்புகுகிறது. பட்டையைப் பற்றிய வேர்களோ வெளிக்காற்றிலேயே இருக்கின்றன. இதற்கு அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. இலங்கையில், கண்டி நகரை ஒட்டிய உடவத்தகெலே வனத்தில், அந்நியமாக வந்து சேர்ந்த இந்தக் கொடி பல ஏக்கர் தரையை மூடிக்கொண்டு, அங்குள்ள இயற்கைச் செடிகள் முளைப்பதற்கே இடையூறாகப் பரவியிருக்கிறது. ஒரு வனத்தின் தரையையே வளைத்துக்கொள்ளும் ஜீவன், துவாரமில்லாத பீங்கான் தொட்டியில் சேற்றில் நின்று மடிகிறதென்றால், குற்றம் கொடியின் பலவீனத்தில் இல்லை.

இதன் பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1880-ல் போத்தோஸ் என்ற இனத்தில் சேர்த்து இதற்கு முதலில் பெயரிட்ட தாவர சாஸ்திரிகள், பின்னர் வேறு வேறு இனங்களுக்கு மாற்றி, 1964-ல்தான் எபிப்ரெம்னம் ஆரியம் என்ற இன்றைய பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். இனத்தைத் தீர்மானிக்க உதவும் பூவை இந்தக் கொடி மிக அபூர்வமாகவே காட்டியதுதான் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் மரபணு ஒன்று இதில் சரிவர இயங்குவதில்லை என்பது 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. ஆகையால், வருஷக்கணக்காக வளர்த்தும் பூக்கவில்லையே என்று கவலைப்பட்டு யாரும் இதற்கு வைத்தியம் செய்ய வேண்டியதில்லை.

நீரையும் வெளிச்சத்தையும் தனித்தனி விஷயங்களாக எண்ணுவதே பலருடைய சிரமத்துக்கு மூலம். வெளிச்சம் பெற்ற இலை ஆகாரம் தயாரிக்கிறது. அதற்காக நீரை இழுக்கிறது. இருண்ட மூலையில் வைத்த செடி அவ்வளவு நீரை இழுப்பதில்லை. எனவே ஜன்னலருகே நான்கைந்து நாட்களில் தீர்ந்துபோகும் நீர், கூடத்தின் கோடியில் இரண்டு வாரமானாலும் தொட்டியில் அப்படியே நிற்கிறது. வாரம் இருமுறை ஊற்று என்று பிறர் சொல்லும் கணக்கு உதவாமல் போவது இதனால்தான். அறையின் மங்கலுக்கு நம் கண் விரைவில் பழகிவிடுவதால், வெளிச்சம் போதுமா என்பதை நாம் தீர்மானிப்பதைக் காட்டிலும் கொடியிடமே கேட்டுக்கொள்வது உத்தமம்: இலையின் மஞ்சள் வரிகள் மறைந்து வெறும் பச்சையாவதும், கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலைகள் சிறுத்துப்போவதும் வெளிச்சக் குறைவின் அடையாளங்கள். கிழக்கு ஜன்னலின் இளவெயில் இதற்கு மிகவும் ஏற்றது. சித்திரை வெயில் நேரே பட்டால் இலை காகிதம்போல் காய்ந்து வெளுத்துவிடும்.

எல்லா மஞ்சள் இலையும் வியாதி அன்று. அடியில் உள்ள முதிர்ந்த இலை ஒன்று எப்போதாவது பழுத்து உதிர்வது செடியின் சுபாவம். ஈர மண்ணில் பல இலைகள் ஒருங்கே பழுத்தால்தான் வேரைச் சந்தேகிக்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றும் வீடுகளில், மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து இலை நுனிகள் கருகுவதைக் காணலாம். மழைநீரைப் பிடித்துவைத்து, துவாரத்தின் வழியே தாராளமாக வழிந்தோடும்படி ஒருமுறை ஊற்றினால் அது தணியும். இலைக்காம்பின் கக்கத்தில் வெண்பஞ்சுத் துணுக்குகளாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் அதைத் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம்.

வேர் அழுகல் என்று சந்தேகம் எழுந்துவிட்டால், தயங்காமல் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்துவிட வேண்டும். செடியைப் பிடுங்கினால் செத்துவிடுமே என்ற பயத்தால்தான் பலர் நாட்களைக் கடத்துகிறார்கள். சேற்றில் விட்டுவைப்பதே பேராபத்து. வேரை மெல்ல அலசிப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும்; அழுகியது பழுப்பேறி வழவழத்து, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சும், துர்வாசனையும் வீசும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரிக்கோலைக் கொண்டு அவற்றையெல்லாம் நல்ல பாகம் வரும்வரை நறுக்கிவிட்டு, வேர் பெரிதும் குறைந்துபோயிருந்தால் அதற்குத் தக இலைகளையும் சிறிது குறைத்து, பழைய மண்ணை அறவே நீக்கி, ஒரு பங்கு தோட்டத்து மண், ஒரு பங்கு பருமணல், இரண்டு பங்கு நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டுகள் கலந்த புதுக் கலவையில் நட வேண்டும். தொட்டி, மிஞ்சிய வேருக்கு அளவானதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் சரியானதன்று. நுண்ணிய மண் நீரைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு மேலேயே நிற்கவைக்கும். துவாரமும், மேலிருந்து கீழ்வரை பொலபொலப்பான கலவையும்தான் வேண்டியவை. நீர் வார்ப்பதில் கை தாராளமுள்ளவர்களுக்கு, பக்கங்களிலும் ஈரம் உலரும் சுட்ட மண்தொட்டியே சிறந்தது.

வேர் முழுவதும் போய்விட்டாலும் நிராசைக்கு இடமில்லை. தண்டில் நல்ல பாகம் எஞ்சியிருந்தால், கணுவோடும் ஓர் இலையோடும் துண்டுகள் நறுக்கி, கணு மூழ்கும்படி ஒரு பாட்டில் நீரில் வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் வெண்வேர்கள் கிளம்பும். கணு இல்லாத வெறும் இலை கொடியாவதில்லை. ஆனால் அந்தப் பாட்டில் நீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் உகந்த இடம். முட்டையிலிருந்து கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதுமாதலால், வாரத்துக்கு ஒரு முறையேனும் நீரைக் கொட்டி, முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடிய உட்சுவரையும் தேய்த்துக் கழுவுவது அவசியம். மற்றொன்று: சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்தையே சார்ந்த இக்கொடியின் சாற்றிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளன; கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

மாற்றி நட்ட செடியைச் சீக்கிரம் தேற்றிவிடலாம் என்று எண்ணி உரம் இடாதீர்கள். உரத்தின் உப்பு காயம்பட்ட வேரைக் கரித்துவிடும். புது இலை ஒன்று சுருள் பிரிந்து முழுமையாக விரியட்டும். சில வாரங்களும் ஆகலாம், மார்கழிக் குளிரில் இரண்டு மாதமும் ஆகலாம். பழுத்த பழைய இலை மீண்டும் பச்சையாவதில்லையாதலால் அதை எதிர்பார்க்க வேண்டாம். அதுவரையில், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்து, அங்கே ஈரம் தட்டினால் அன்றைக்கு நீர் வார்க்காதீர்கள். உலர்ந்திருந்தால் அடித்துவாரம் வழியும்வரை வார்த்து, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.