யாரும் வரையாத எல்லைகள்

சிட்னியின் வடமேற்கில் ஈஸ்ட்வுட் என்றொரு புறநகர் இருக்கிறது. 'கிரானி ஸ்மித்' என்று நம் ஊர்ப் பழக்கடைகளிலும் விற்கும் பச்சை ஆப்பிள், 1868 வாக்கில் முதன்முதலில் முளைத்தது அந்த வட்டாரத்தில்தான். ரயில் நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கம் போனால் கடைப்பலகைகளில் சீன எழுத்து. தண்டவாளத்தைக் கடந்து கிழக்கே வந்தால் கொரிய எழுத்து. இந்த எல்லையைச் சட்டம் போட்டு யாரும் வகுக்கவில்லை. பிறகு எப்படி வந்தது?

சிட்னியில் 50 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். லெபனான்காரர்களுக்கு லக்கெம்பா, வியட்நாமியருக்குக் கப்ரமட்டா, துருக்கியர் கட்டிய பெரிய மசூதி நிற்கும் ஆபர்ன், தோசையும் சாட்டும் மணக்கும் ஹாரிஸ் பார்க் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு முகம் உண்டு.

கதை பாறையில் தொடங்குகிறது. சிட்னியின் கடலோரம் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணற்கல். அதன் மேல் கிடக்கும் மண்ணில் சத்துக் குறைவு. 1788 ஜனவரியில் வந்திறங்கிய ஆங்கிலேயர் கரையோரம் விதைத்த பயிர் தேறவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆற்றோடு மேற்கே போய், தாருக் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்ந்த பரமட்டாவில் பண்ணை போட்டார்கள். அங்கே மணற்கல்லின் மேல் ஷேல் என்னும் களிப்பாறை படிந்திருக்கிறது. அதிலிருந்து உருவான மண் கனமானது, நிலமும் சமதளம். பின்னாளில் ரயிலும் தொழிற்சாலையும் மலிவான வீடுகளும் அந்தச் சமவெளியில் பரவின. கடற்காட்சி உள்ள மேடுகள் வசதியானவர்களுக்குப் போயின. மேற்கே கடற்காற்று எட்டுவது குறைவு. 2020 ஜனவரி 4 அன்று மேற்குப் பகுதியான பென்ரித்தில் வெப்பம் 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மலிவான வாடகையைத் தேடி வந்தவர்கள் தலையில்தான் அந்த வெயில் இறங்குகிறது. இது எனக்கு நெஞ்சை உறுத்தும் கணக்கு.

அடுத்தது, குடியேறிகள் முதலில் எங்கே இறக்கிவிடப்பட்டார்கள் என்பது. 1901இல் சட்டமாகி 1973இல் முற்றாக முடிந்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை ஆசியர்களைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்தியது. கொள்கை ஒழிந்த சில ஆண்டுகளிலேயே, 1975இல் வியட்நாம் போரில் சைகோன் வீழ்ந்த பிறகு, வியட்நாமிய அகதிகள் வரத் தொடங்கினார்கள். போருக்குப் பிந்தைய ஐரோப்பியக் குடியேறிகளுக்காக அமைத்த விடுதிகள் கப்ரமட்டாவிலும் வில்லவுட்டிலும் இருந்தன. அகதிகளில் பலரும் அங்கேதான் தங்கவைக்கப்பட்டார்கள். விடுதியை விட்டுக் கிளம்பியவர்கள் பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். ஒருவர் ஃபோ நூடுல்ஸ் கடை போட்டார், இன்னொருவர் தன் மொழி பேசும் மருத்துவராக அமர்ந்தார். பிறகு வந்தவர்களுக்கு அந்த இரண்டும் போதுமான காரணம்.

ஒருவரை ஒருவர் வெறுக்காத மனிதர்கள்கூட இப்படித் தனித்தனியாகத் திரள்வார்களா? அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் குடிகளை இஷ்டத்துக்குக் கலந்து வையுங்கள், சில கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு விருப்பம்: சுற்றியிருப்பவர்களில் மூன்றில் ஒருவராவது தன்னைப் போன்றவராக இருந்தால் போதும். அது கிடைக்காதவர் காலியான கட்டத்துக்குக் குடிபோகலாம். ஒருவர் நகர்ந்ததும் பழைய அண்டை வீட்டாரின் கணக்குக் குலைகிறது, அவரும் நகர்கிறார். சில சுற்றுகளில் பலகை திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு கேட்டவர்களைச் சுற்றி அதைவிட மிக அதிகமாகவே தம்மவர் சேர்ந்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிய வேண்டும் என்று பலகையில் ஒருவரும் விரும்பவில்லை! தனி மனிதரின் சின்ன ஆசை, ஊரளவில் அவர் நினைத்தே பார்க்காத உருவம் எடுத்துவிடும் என்று இவ்வளவு எளிமையாகக் காட்டிய சோதனை வேறு எனக்குத் தெரியாது. 2005இல் ஷெல்லிங்குக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

நிஜ நகரம் பலகையைவிடச் சிக்கலானது. வாடகையும் பாகுபாடும் பள்ளிக்கூடமும் அதில் சேர்ந்துகொள்ளும். கப்ரமட்டாவிலேயே வியட்நாமில் பிறந்தவர்கள் மக்களில் பாதிக்கும் குறைவு. கம்போடியரும் சீனரும் கலந்தே வாழ்கிறார்கள். திட்டுகள் இடமும் மாறும். 1950களில் லைக்கார்ட்டில் குவிந்த இத்தாலியர்களின் பிள்ளைகள் ஹேபர்ஃபீல்டு, ஃபைவ் டாக் பக்கம் போய்விட்டார்கள்.

நம்மவர் கதையும் இதே வழிதான். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் மேற்கு ரயில் பாதையோரம் ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி என்று குடியமர்ந்தார்கள். அந்தப் பாதைக்குத் தெற்கே சற்றுத் தள்ளி, மேஸ் ஹில்லில் முருகன் கோயிலையும் எழுப்பினார்கள்.

சிட்னிக்குப் போகிறவர்கள் ஓபரா ஹவுஸைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு நாளை மேற்கே போகும் ரயிலுக்கு ஒதுக்குங்கள். ஹாரிஸ் பார்க்கில் இறங்கிச் சாப்பிடுங்கள், கப்ரமட்டா சந்தையில் பெயர் தெரியாத கீரைகளை விலை கேளுங்கள். போகிற ஊரில் கடைக்காரர் எந்த ஆண்டு வந்தார், ஏன் அந்தத் தெருவைப் பிடித்தார் என்று விசாரியுங்கள்.