செஞ்சியும் ஜிஞ்சியும்

சயான் குன்றின்மேல் பாழடைந்து நிற்கும் சிறு கோட்டையைத் தாராவி, மாதுங்கா வாழ் அன்பர்கள் நன்கறிவர். சென்ற மாதம் சங்கத்துச் சிறுவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். அப்போது ஒரு சிறுமி, "மாமா, ராஜாராம் மகாராஜா தப்பிப்போன ஜிஞ்சி எங்கே இருக்கிறது?" என்று வினவினாள். மராத்திப் புத்தகத்தில் படித்தாளாம். அது நம் செஞ்சியே என்றதும் அவள் நம்பவில்லை. அவளுடைய தாத்தாவின் ஊரோ திண்டிவனம்! குழந்தையைக் குறை கூறி என்ன பயன்? வீட்டில் நாம் சொல்லவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. கி.பி. 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்னும் ஆயர் தலைவர் அதற்கு அடிகோலினார் என்பது செவிவழி வரலாறு. பின்னர் விஜயநகரத்தாரின் நாயக்கர்கள் அதனை விரிவாக்கினர். அவர்களுக்குப்பின் பீஜப்பூர் சுல்தான் வசமாயிற்று. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அதே ஆண்டில்தான் சயான் கோட்டையை ஆங்கிலேயர் கட்டி முடித்தனர் என்பது ஒரு வேடிக்கை.

சிவாஜியின் முன்யோசனை பன்னிரண்டு ஆண்டுகளில் பயன் தந்தது. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டார், ராய்கட் வீழ்ந்தது. இளையவர் ராஜாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே வந்து செஞ்சியை அடைந்தார். மராட்டிய அரசின் தலைநகர் தமிழ் மண்ணுக்கு மாறியது! அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டான். ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியை நெருங்குமிடத்தில் ஆழமான பிளவொன்று வழியை மறிக்கிறது. அதன்மேலிருந்த மரப்பாலத்தை நீக்கிவிட்டால் எப்படை ஏற இயலும்? மேலே சுனையும் களஞ்சியமும் இருந்தன. இடையில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து முற்றுகையிட்டவர்களையே வளைத்து, அவர்களுக்கு உணவு வரும் வழியை அடைத்தனர். 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. ராஜாராமோ முன்னரே வேலூர் வழியாகத் தப்பிவிட்டார்.

நம் பாட்டிமார் கதையில் வரும் தேசிங்கு ராஜன் இதற்குப் பிற்பட்டவன். 1714இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது மாண்ட இளைஞன். பின்னர் பிரெஞ்சுக்காரர் 1750இலும், ஆங்கிலேயர் 1761இலும் கொண்டனர். அதன்பின் பாழ்தான்.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று இம்மாநிலத்தவை, எஞ்சிய ஒன்று செஞ்சி.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் திண்டிவனத்தில் இறங்கினால் பேருந்தில் எளிதில் சென்று வரலாம். வெயிலுக்குமுன் ஏறுதல் நலம். தின்பண்டப் பையைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்க. அச்சிறுமி வரும் மே மாதம் தாத்தாவுடன் ஏறப்போகிறாளாம்.